அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததா? டி.என்.ஏ. என்ன சொல்லும், ஆவணம் என்ன சொல்லும், சட்டம் என்ன சொல்லும்?

அமெரிக்காவில் குடும்ப ரகசியம் இப்போதெல்லாம் மின்னஞ்சலில் வருகிறது. சின்னக் குழாய் ஒன்றில் எச்சிலைத் துப்பி நிறுவனத்துக்கு அனுப்பினால், சில வாரங்களில் 'உங்களுக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் பொருந்துகிறார்' என்று தகவல் வந்துவிடும். பியூ ஆய்வு மையம் 2019-ல் வெளியிட்ட சர்வேயில், அமெரிக்கர்களில் 15% பேர் இப்படி வீட்டிலிருந்தே டி.என்.ஏ. சோதனை செய்ததாகச் சொன்னார்கள். அவர்களில் 27% பேர், அதுவரை தெரியாத நெருங்கிய உறவினர் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்கள்.

நம்ம ஊரில் அதே ரகசியம் பெரும்பாலும் தாலுகா ஆபீஸில்தான் உடைகிறது. அப்பா இறந்து, வாரிசு சான்றிதழுக்கு மனு போட்டு, வி.ஏ.ஓ. விசாரிக்க வரும்போது, 'அந்தப் பக்கம் ஒரு பையன் இருக்கான்ல?' என்று யாரோ சொல்வார்கள். அல்லது பென்ஷன் ஃபைலில் இன்னொரு பெயர் இருக்கும். அல்லது அம்மா கடைசிக் காலத்தில், 'உங்க பெரியம்மா வீட்டு அண்ணன் நான் பெத்த பிள்ளைதான்' என்று சொல்லிவிடுவார்.

இப்போது இந்த இரண்டு உலகங்களும் சந்திக்கத் தொடங்கியிருக்கின்றன. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் டி.என்.ஏ. கிட் வாங்குகிறார்கள். இந்தியாவிலிருந்து தத்துக் கொடுக்கப்பட்டு ஐரோப்பாவில் வளர்ந்தவர்கள் பெற்றவர்களைத் தேடுகிறார்கள். இங்கேயும் உடன்பிறப்புச் சோதனை செய்யும் தனியார் லேப்கள் இருக்கின்றன.

ஆனால் 'இவர் என் அண்ணனா?' என்பது உண்மையில் மூன்று கேள்விகள். ரத்தத்தில் உறவா? காகிதத்தில் உறவா? சட்டத்தின் பார்வையில் உறவா? இந்த மூன்றுக்கும் ஒரே பதில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றுக்கு வந்த பதிலை இன்னொன்றுக்கும் பதிலாக எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டி.என்.ஏ. சோதனை உண்மையில் என்ன சொல்கிறது?

அது 'இவர் உங்கள் அண்ணன்' என்று சொல்வதில்லை. ஒரு எண்ணைத்தான் சொல்கிறது. இரண்டு பேரின் டி.என்.ஏ.வில் எவ்வளவு பகுதி ஒன்றாக இருக்கிறது என்பதை 'செண்டிமார்கன்' என்ற அலகில் தருவார்கள். எண் பெரிதாக இருந்தால் உறவு நெருக்கம்.

இந்த எண்ணைப் புரிந்துகொள்ள உலகம் முழுக்கப் பலரும் பயன்படுத்துவது, பிளெய்ன் பெட்டிங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பயனர்களிடமிருந்து திரட்டிய தரவு. அதன் 2020 பதிப்பின்படி:

- பெற்றோர் – பிள்ளை: சராசரி 3,485
- அப்பா, அம்மா இருவரும் ஒன்றான உடன்பிறப்பு: சராசரி 2,613 (1,613 முதல் 3,488 வரை)
- அப்பா அல்லது அம்மா மட்டும் ஒன்றான உடன்பிறப்பு: சராசரி 1,759 (1,160 முதல் 2,436 வரை)
- தாத்தா, பாட்டி – பேரப்பிள்ளை: சராசரி 1,754
- மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி – அவர்களின் உடன்பிறப்பின் பிள்ளை: சராசரி 1,741
- அப்பாவின் அல்லது அம்மாவின் உடன்பிறப்புடைய பிள்ளை: சராசரி 866 (396 முதல் 1,397 வரை)

நடுவில் உள்ள மூன்று வரிகளைக் கவனியுங்கள். 1,759, 1,754, 1,741. கிட்டத்தட்ட ஒரே எண். அதாவது உங்களுக்கு 1,750 என்று ஒரு பொருத்தம் வந்தால், அவர் அப்பாவின் இன்னொரு பிள்ளையாக இருக்கலாம், உங்கள் சித்தப்பாவாக இருக்கலாம், தாத்தாவாகக்கூட இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வயது ஓரளவு உதவும். உங்களைவிட 3 வயது மூத்தவர் தாத்தாவாக இருக்க முடியாது. ஆனால் சித்தப்பாவாக இருக்கலாம். தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் நம்ம குடும்பங்களில் புதிதல்ல.

அப்படி வந்தால் ரகசியம் அப்பாவுடையது இல்லை, தாத்தாவுடையது. அப்பாவிடம் போய்ச் சண்டை போடும் முன் இந்த ஒரு விஷயத்தையாவது உறுதி செய்துகொள்வது நல்லது.

நம்ம ஊர் கல்யாணங்கள் இந்தக் கணக்கைக் குழப்புமா?

நிச்சயமாகக் குழப்பும். மேலே உள்ள பட்டியல், அப்பா குடும்பமும் அம்மா குடும்பமும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை என்ற அனுமானத்தில் நிற்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் 28% பெண்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்று தெரியவந்தது. நாட்டின் சராசரி 11%. மாநிலங்களில் தமிழ்நாடுதான் முன்னணியில் இருக்கிறது.

இரண்டு உதாரணங்கள் பார்ப்போம்.

முதலாவது, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. ஒரு வீட்டு அண்ணன்–தங்கையும் இன்னொரு வீட்டு அண்ணன்–தங்கையும் மாற்றிக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இவர்களின் பிள்ளைகள் இரண்டு பக்கமும் சொந்தம். சாதாரண மாமா பிள்ளை, அத்தை பிள்ளைகள் 12.5% டி.என்.ஏ.வைப் பகிர்வார்கள், இவர்கள் 25% பகிர்வார்கள். அப்பா மட்டும் ஒன்றான உடன்பிறப்பும் அதே 25%தான். ஆக, அத்தை மகன் ரிப்போர்ட்டில் 'அப்பாவின் இன்னொரு பிள்ளை' மாதிரித் தெரிவார்.

இரண்டாவது, தாய்மாமன் திருமணம். உங்கள் அம்மா தன் தாய்மாமனைக் கட்டியவர் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் தங்கை வெளியில் கட்டியவர். அந்தச் சித்தியின் மகனும் நீங்களும் அம்மா வழியில் 12.5% பகிர்வீர்கள். உங்கள் அப்பா சித்திக்கும் தாய்மாமன் என்பதால் அந்த வழியில் இன்னொரு 6.25% சேரும். மொத்தம் 18.75%. செண்டிமார்கனில் இது ஏறக்குறைய 1,300-க்குப் பக்கம் வரும். மேலே உள்ள பட்டியலில் 1,300 என்பது 1,160 முதல் 2,436 என்ற எல்லைக்குள் விழுகிறது. கம்பெனியின் மென்பொருளுக்கு உங்கள் பாட்டியின் தம்பிதான் உங்கள் அப்பா என்று தெரியாது. அதனால் அது தப்பான லேபிளை ஒட்டக்கூடும்.

எனவே, ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பு ஒரு காகிதத்தில் மூன்று தலைமுறைக்குக் குடும்ப மரம் வரைந்து, எங்கெங்கே சொந்தத்தில் கல்யாணம் நடந்திருக்கிறது என்று குறித்துவையுங்கள். இதற்கு வீட்டில் பெரியவர்களிடம் பேசினாலே போதும். காசு செலவில்லை.

சரி, அண்ணனா சித்தப்பாவா என்று எப்படித்தான் பிரிப்பது?

மொத்த எண்ணைத் தாண்டி சில தடயங்கள் இருக்கின்றன.

*இரட்டைப் பொருத்தம்.* அப்பா, அம்மா இருவரும் ஒன்று என்றால், மரபணுத் தொகுதியில் சுமார் 25% பகுதியில், அப்பாவிடமிருந்து வந்த இழையும் பொருந்தும், அம்மாவிடமிருந்து வந்த இழையும் பொருந்தும். அப்பா மட்டும் ஒன்று என்றால், இரண்டு அம்மாக்களும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத வரை, இது ஏறக்குறைய பூஜ்யம். மாற்றிக் கட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுமார் 6% இருக்கும். குழப்பமான மூன்று நிலைகளையும் இந்த ஒரு அளவு நன்றாகப் பிரித்துக் காட்டும்.

*எக்ஸ் குரோமோசோம்.* ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதை மகளுக்கு அப்படியே கொடுக்கிறார். ஆக, இரண்டு பெண்களுக்கு அப்பா ஒருவரே என்றால், ஒரு எக்ஸ் முழுசாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அப்பா ஒருவர் இல்லை.

*ஒய் குரோமோசோம்.* இரண்டு ஆண்களுக்கு அப்பா ஒருவரே என்றால் ஒய் ஒத்துப்போகும். ஆனால் சித்தப்பா, பெரியப்பா, தாத்தா எல்லோருக்கும் அதே ஒய்தான். எனவே ஒத்துப்போகவில்லை என்றால் மறுக்கலாம். ஒத்துப்போனது என்பதை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது.

*மைட்டோகாண்ட்ரியா.* இது அம்மா வழி மட்டும் வருவது. ஒரே அம்மாவின் பிள்ளைகளுக்கு ஒன்றாக இருக்கும். சித்தி, பெரியம்மா பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே இருக்கும். இதுவும் மறுக்க உதவும், நிரூபிக்கப் போதாது.

லேபில் உடன்பிறப்புச் சோதனை செய்தால், முடிவு ஒரு நிகழ்தகவாகவே வரும். குறைவான குறியீடுகளை மட்டும் பார்க்கும் சோதனையில் 'உறுதி சொல்ல முடியவில்லை' என்றும் வரலாம். அப்பா அல்லது அம்மா, யாராவது ஒருவருடைய மாதிரியும் சேர்ந்தால் முடிவு வலுவாகும். அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். தெரியாமல் டூத் பிரஷ்ஷை எடுத்து அனுப்புவது அவருடைய அந்தரங்கத்தில் கைவைப்பது.

கிட் வாங்கி அனுப்பினால் இந்தியாவில் உள்ள உறவினர் கிடைப்பாரா?

அவரும் அதே நிறுவனத்தில் சோதனை செய்திருந்தால் மட்டும்தான். பெரிய நிறுவனங்களின் தரவுத்தளத்தில் கோடிக்கணக்கானவர்கள் இருந்தாலும், பெரும்பான்மையோர் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்தவர்கள். இந்தியானா மாநிலத்தில் டொனால்ட் கிளைன் என்ற கருத்தரிப்பு மருத்துவர், நோயாளிகளுக்குத் தெரியாமல் தன் விந்தணுவையே பயன்படுத்திய விவகாரம் வெளியே வந்ததற்குக் காரணம், அவருடைய உயிரியல் பிள்ளைகள் பலர் தனித்தனியே கிட் வாங்கிச் சோதித்ததுதான். அந்த எண்ணிக்கை 90-ஐத் தாண்டியது. 2022-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அவர் ஃபாதர்' ஆவணப்படம் இதைப் பற்றியது.

இங்கே அந்த அடர்த்தி இல்லை. 'பொருத்தம் வரவில்லை' என்பதற்கு 'உடன்பிறப்பு இல்லை' என்று அர்த்தம் கிடையாது. தேடுபவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். வளர்ந்த நாட்டில் கிட் அனுப்பிவிட்டு, வருடக்கணக்காகத் தூரத்துச் சொந்தங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தியத் தத்துப் பிள்ளைகளின் நிலைக்குக் காரணம் இதுதான்.

அப்போ இந்தியாவில் எங்கே தேடுவது?

காகிதத்தில். நம்ம வீடுகளில் குடும்ப மரம் என்று யாரும் வரைந்து வைப்பதில்லை. ஆனால் சொத்துக்காகவும் சடங்குக்காகவும் எழுதப்பட்ட ஆவணங்களில் அது சிதறிக் கிடக்கிறது.

*பாகப்பிரிவினைப் பத்திரம், விடுதலைப் பத்திரம்:* சொத்தில் உரிமை உள்ளவர்கள் பெயர் வரிசையாக இருக்கும். ஒரு சொத்துக்கு வில்லங்கச் சான்று போட்டால், என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று தெரியும். தெரியாத பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதியிருந்தால் அது ஒரு தடயம். தத்துப் பத்திரமும் பதிவு செய்யப்பட்டிருக்கலாம்.

*பிறப்பு, இறப்புப் பதிவேடு:* 1969-ம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, கட்டணம் கட்டி, பதிவேட்டில் ஒரு பதிவைத் தேடித் தரச் சொல்லி யாரும் கேட்கலாம்.

*பழைய வாக்காளர் பட்டியல்:* 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது நம்மில் பலர் இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் அப்பா, அம்மா பெயரைத் தேடினோம் இல்லையா? அதில் கதவு எண், வயது, தந்தை அல்லது கணவர் பெயர் எல்லாம் இருக்கும். ஒரே கதவு எண்ணில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்கலாம்.

*பணிப்பதிவேடு, பி.எஃப்., இன்ஷூரன்ஸ் நாமினி:* அரசு வேலையில் இருந்தவர் குடும்ப விவரம் கொடுத்திருப்பார். ஆனால் நாமினி என்றாலே வாரிசு என்று நினைத்துவிடக் கூடாது.

*கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை:* சிரிக்க வேண்டாம். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று தொடங்கும் அந்தப் பட்டியல், குடும்பம் யாரை ஊரறிய ஏற்றுக்கொண்டது என்பதன் பதிவு. ஒரு பத்திரிகையில் இருந்த பெயர் அடுத்த பத்திரிகையில் இல்லை என்றால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

வட இந்தியக் குடும்பங்களுக்கு ஹரித்துவார் இருக்கிறது. அங்குள்ள பண்டாக்கள், யாத்திரை வந்த குடும்பங்களின் தலைமுறை விவரங்களைப் பூர்வீக ஊர் வாரியாகப் 'பஹி' என்ற பேரேடுகளில் எழுதி வருகிறார்கள். அஸ்தி கரைக்கப் போகும் குடும்பம் புதிதாகப் பிறந்தவர்களின் பெயர்களையும் அப்போது சேர்க்கும். அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் இந்தப் பேரேடுகள் பலவற்றை மைக்ரோஃபிலிம் எடுத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: இதுபோன்ற பேரேடுகளும் பத்திரிகைகளும் குடும்பம் சொன்னதைத்தான் எழுதிவைத்திருக்கும். மறைக்க நினைத்ததை அவை காட்டாது.

தத்துக் கொடுக்கப்பட்டவர் பெற்றவர்களைத் தேடலாமா?

எப்படித் தத்துப் போனார் என்பதைப் பொறுத்தது.

அரசின் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா' வழியாகப் போயிருந்தால், 2022-ம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் 'வேர் தேடல்' என்று தனி நடைமுறை இருக்கிறது. 18 வயது முடிந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழ் என்றால் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாவது ஆள் அவருக்காகத் தேட அனுமதி இல்லை. அதாவது, 'எங்க அம்மா கொடுத்த குழந்தை எங்கே?' என்று இந்தப் பக்கத்து உடன்பிறப்பு இந்த வழியில் போய்க் கேட்க முடியாது.

ஒப்படைத்த பெற்றோர் அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அவருடைய சம்மதம் வேண்டும். அவர் மறுத்தாலோ கண்டுபிடிக்க முடியாமல் போனாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைக்கப்பட்டார் என்பதை மட்டும் தெரிவிப்பார்கள். பிள்ளையின் உரிமை பெற்றவரின் அந்தரங்க உரிமையை மீறக் கூடாது என்பது விதி.

இதில் நியாயம் இருக்கிறது. கல்யாணம் ஆகாமல் தாயானவர், வன்முறைக்கு ஆளானவர் என்று, வேறு வழியில்லாமல் பிள்ளையைக் கொடுத்த பெண்கள் பலர் பிறகு வேறு குடும்பத்தில் வாழ்கிறார்கள். கதவைத் தட்டும் ஒரு கூரியர் கவர் அந்த வாழ்க்கையைக் கலைத்துவிடலாம். மறுபக்கம், எல்லாப் பிள்ளைகளும் விரும்பிக் கொடுக்கப்பட்டவர்கள் இல்லை. சென்னையில் கடத்தப்பட்ட குழந்தைகள் சிலர் வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005-ல் போலீஸ் விசாரணையில் வெளியே வந்தது. அப்படிப்பட்ட பெற்றோர் மறைந்திருக்கவில்லை. அவர்களும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

குடும்பத்துக்குள்ளேயே, பிள்ளையில்லாத அக்காவுக்கோ சித்தப்பாவுக்கோ கொடுத்த தத்து வேறு கதை. இந்துக்களுக்கு 1956-ம் ஆண்டு தத்துச் சட்டம் பொருந்தும். அதன் 12-வது பிரிவின்படி தத்துப் போன பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தின் பிள்ளையாகிவிடுகிறது. பிறந்த வீட்டு உறவு சட்டப்படி முடிந்துவிடுகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் பழைய ரத்தத்தை மறக்கவில்லை: பிறந்த வீட்டில் யாரைக் கட்டியிருக்க முடியாதோ, அவரைத் தத்துப் போன பிறகும் கட்ட முடியாது. ரகசியமாகக் கைமாறிய பிள்ளைகளுக்கு ஒரு நாள் உண்மை தெரிய வேண்டியதற்கு இது ஒரு நடைமுறைக் காரணம்.

விந்தணு, கருமுட்டை தானத்தில் பிறந்தவர்கள்?

2021-ம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம் வந்த பிறகு, ஒரு தானம் செய்பவரின் விந்தணுவையோ கருமுட்டையையோ ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. கருமுட்டை தானம் வாழ்நாளில் ஒரு முறைதான். தானம் செய்தவருக்குப் பிள்ளை மீது பெற்றோர் உரிமை இல்லை. அதற்கு முன்பு இத்துறைக்குத் தனிச் சட்டமே கிடையாது. ஆகவே, இன்று இருபது, முப்பது வயதில் இருக்கும் தானவழிப் பிள்ளைகளுக்கு எத்தனை உடன்பிறப்புகள் இருக்கலாம் என்பதற்குச் சட்டம் வகுத்த உச்சவரம்பு எதுவும் அப்போது இல்லை.

டி.என்.ஏ. ஒன்று சொல்லி, சட்டம் வேறு சொன்னால்?

சட்டம்தான் ஜெயிக்கும் என்று பல நேரங்களில் சொல்லலாம். 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 116-வது பிரிவாகத் தொடர்கிறது. செல்லுபடியாகும் திருமணம் நீடிக்கும்போதோ, அது முடிந்து அம்மா மறுமணம் செய்யாத நிலையில் 280 நாளுக்குள்ளோ பிறந்த பிள்ளை, அந்தக் கணவரின் பிள்ளைதான் என்பது முடிவான சான்று. அந்தக் காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால்தான் மறுக்க முடியும்.

டி.என்.ஏ. வருவதற்கு முன் எழுதிய விதி இது. ஊர்ப்பேச்சை வைத்து ஒரு குழந்தையைத் 'தகப்பன் பேர் தெரியாதவன்' ஆக்கிவிடக் கூடாது என்பது நோக்கம். கோர்ட்டுகள் அதையே பின்பற்றுகின்றன. கேட்டவுடன் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் சொன்னது. 2021-ல் ஒரு சொத்து வழக்கில், 'இவர் எங்கள் கூடப்பிறந்தவரே இல்லை, டி.என்.ஏ. எடுக்கட்டும்' என்று சகோதரிகள் கேட்டார்கள். வேறு ஆதாரம் இருக்கும்போது விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்துவது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2025 ஜனவரியில் ஒரு கேரள வழக்கிலும், அம்மாவின் கணவரே சட்டப்படி அப்பா என்று சொல்லி, இன்னொருவரை டி.என்.ஏ. சோதனைக்கு உட்படுத்த மறுத்தது.

மறுபக்கமும் உண்டு. உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் என்.டி.திவாரி தன் உயிரியல் தந்தை என்று ரோஹித் சேகர் 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். அவர் பிறந்தபோது அம்மாவுக்கு வேறொருவருடன் திருமணம் ஆகியிருந்தது. இருந்தும் நீதிமன்றம் சோதனைக்கு உத்தரவிட்டது. 2012 ஜூலையில் முடிவு வெளியானது: திவாரிதான் தந்தை. 2014-ல் திவாரி வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். பிள்ளை தானே உண்மையைக் கேட்டு வந்த வழக்கு அது. அம்மாவும் அவர் பக்கம் நின்றார்.

சொத்தில் பங்கு உண்டா?

கேட்கக் கூச்சப்பட்டாலும் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி இதுதான். இந்துக் குடும்பங்களுக்கான பதில்: முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது, விவாகரத்து ஆகாமல் நடந்த இரண்டாவது திருமணம் செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளை சட்டப்படியான பிள்ளை என்று இந்து திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. 2023 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது: அப்பாவின் சுய சம்பாத்தியத்தில் மட்டுமில்லை, பூர்வீகச் சொத்தில் அப்பாவுக்கு வந்திருக்க வேண்டிய பங்கிலும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அப்பா, அம்மா தவிர மற்ற சொந்தக்காரர்களின் சொத்தில் கிடையாது.

எளிய கணக்கு: அப்பா உயில் எழுதாமல் இறக்கிறார். சுயமாக வாங்கிய ஒரு வீடு. முதல் மனைவி, அவருடைய இரண்டு பிள்ளைகள், செல்லாத இரண்டாம் திருமணத்தில் ஒரு பிள்ளை. பாட்டி உயிரோடு இல்லை. வீடு நான்கு சம பங்கு: மனைவிக்கு ஒன்று, மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. இரண்டாவது பெண்மணிக்குப் பங்கு இல்லை. உயில் இருந்தால் கதை மாறும். திருமணமே நடக்காத உறவு, பிற மதங்களின் வாரிசுரிமை இரண்டுக்கும் விதிகள் வேறு. அதற்கு வக்கீலைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வாரிசுகள் யார் என்பதில் தகராறு வந்தால் தாசில்தார் அதைத் தீர்த்துவைக்க மாட்டார். சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். தெரிந்தே ஒரு பிள்ளையின் பெயரை விட்டு மனு போட்டால், அந்தச் சான்றிதழும் அதை வைத்து நடந்த விற்பனையும் பின்னால் வழக்கில் மாட்டும்.

என் டி.என்.ஏ. தகவல் பத்திரமாக இருக்குமா?

'23 அண்ட் மீ' நிறுவனத்தில் 2023-ல் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. பிறகு அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோய்சிக்கி நடத்தும் லாப நோக்கற்ற அமைப்புக்குக் கைமாறியது. இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகத் தரவைப் பாதுகாக்கிறது. மரபணுத் தகவலுக்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை. பாஸ்வேர்ட் கசிந்தால் மாற்றலாம், டி.என்.ஏ.வை மாற்ற முடியாது. அதோடு, நீங்கள் தரும் மாதிரியில் உங்கள் தங்கையின், அப்பாவின் தகவலும் பாதி இருக்கிறது.

பொருத்தம் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

1. அன்றைக்கே யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப் இதற்கான இடம் இல்லை.

2. எண், இரட்டைப் பொருத்தம், வயது, குடும்ப மரம் நான்கையும் வைத்து, வேறு என்னென்ன உறவாக இருக்கலாம் என்று எழுதிப் பாருங்கள்.

3. இந்த ரகசியம் வெளியே வந்தால் அதிகம் பாதிக்கப்படுபவர் யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் அது வயதான ஒரு பெண்ணாக இருக்கும். அவர் உங்கள் அம்மா என்றால், மற்றவர்களுக்குத் தெரியும் முன் அவரிடம் தனியாகப் பேசுங்கள். கேள்வியாகக் கேளுங்கள், விசாரணையாக வேண்டாம்.

4. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு முதல் தகவல் சின்னதாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்: 'வணக்கம். டி.என்.ஏ. சோதனையில் நாம் இருவரும் நெருங்கிய உறவினர் என்று வந்திருக்கிறது. எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. உங்களுக்கு விருப்பம் இருந்தால் பேசலாம். வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன்.' அண்ணன், தங்கை என்ற வார்த்தையை முதல் வரியிலேயே போட வேண்டாம்.

5. பதில் வரவில்லை என்றால் சில மாதங்கள் பொறுங்கள். வீடு தேடிப் போக வேண்டாம். அவருடைய வீட்டில் இது யாருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

6. சொத்துப் பேச்சு நடக்கும் குடும்பம் என்றால், விடுதலைப் பத்திரம் உட்பட எதிலும் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் காட்டுங்கள். இது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

7. குடும்ப மருத்துவ வரலாற்றைக் கேட்க மறக்காதீர்கள். அப்பா பக்கம் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா, சர்க்கரை உண்டா, மார்பகப் புற்றுநோய் உண்டா என்று தெரிந்துகொள்வது, இரண்டு வீட்டுக்கும் பகையில்லாமல் பயன்படும் தகவல். பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், இதிலிருந்து தொடங்கலாம்.